எத்தனை பிரதி போடலாம்? அச்சும் திரையும்: வாசகர் கேள்வி பதில்

அச்சுப் புத்தகத்துக்கு இனி எதிர்காலம் உண்டா என்று ஒற்றை வரியில் கேட்ட கடிதங்களே அதிகம். அச்சு எங்கும் போய்விடவில்லை. ஒரு தலைப்பில் ஆயிரத்துக்குக் குறையாமல் அடித்துக் குடோனில் அடுக்கும் வழக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. இப்போது நூறு, இருநூறு என்று தேவைக்கு அடிக்கிறார்கள். இந்த மாற்றத்தில் பணம் எங்கே கரைகிறது, புத்தகம் எங்கே கெடுகிறது என்று குறிப்பாகக் கேட்டவர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அச்சகம், பக்க வடிவமைப்பு, நூலகம் ஆகிய மூன்று துறையினரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி (வாசகி, தேனி): 160 பக்கத்தில் என் சிறுகதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் போடுகிறேன். ஆஃப்செட்டில் 1000 அடித்தால் பிரதி விலை பாதியாகிவிடும் என்கிறார் அச்சகத்துக்காரர். டிஜிட்டலில் 100 போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் கணக்கும் சரிதான். அச்சகத்துக்காரர் அடிக்கும் பிரதியைக் கணக்கிடுகிறார். நீங்கள் கணக்கிட வேண்டியது விற்கும் பிரதியை.

ஆஃப்செட்டில் முதல் பிரதி வெளியே வருவதற்குள்ளேயே ஒரு செலவு ஆகிவிடும். பிளேட் (பக்கம் பதிந்த தகடு), மிஷின் செட்டிங், செட்டிங்கில் வீணாகும் தாள் எல்லாம் அதில் அடக்கம். 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் அந்தச் செலவு அதேதான். டிஜிட்டலில் பிளேட் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டணம் உண்டு. ஆகவே கொட்டேஷனில் மூன்று எண்களைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்: ஆஃப்செட்டின் நிலைச்செலவு, ஆஃப்செட்டில் பிரதி ஒன்றுக்கான தாளும் பைண்டிங்கும், டிஜிட்டலில் பிரதி ஒன்றின் விலை. உதாரணத்துக்கு அவை 18,000, 45, 95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 95-இல் 45-ஐக் கழித்தால் 50. 18,000-ஐ 50-ஆல் வகுத்தால் 360. அதாவது 360 பிரதிக்குக் கீழே டிஜிட்டல் மலிவு, மேலே ஆஃப்செட் மலிவு. இவை கணக்கைக் காட்டுவதற்கான எண்கள்தான். ஊருக்கு ஊர், தாளுக்குத் தாள் மாறும். வகுக்கும் முறை மாறாது.

இப்போது விற்பனையைச் சேருங்கள். இதே விலையில் 1000 பிரதி அடித்தால் 63,000 ரூபாய். 300 விற்று நின்றுவிட்டால், விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் 210 ரூபாய் செலவழித்திருக்கிறீர்கள். டிஜிட்டலில் 300 அடித்திருந்தால் 95 ரூபாயோடு போயிருக்கும். முதல் தொகுப்பு என்றால் எங்கள் கருத்து: 100 டிஜிட்டலில் அடியுங்கள், கைக்காசைப் பிழை திருத்தத்துக்குச் செலவிடுங்கள். அடுத்த நூறுக்குள் பிழைகளைத் திருத்திவிடவும் முடியும். ஆஃப்செட்டில் 1000 அடித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

தாள் கணக்கையும் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்ப்பது நல்லது. டெமி அளவு (ஏறத்தாழ 5.5 x 8.5 அங்குலம்) புத்தகத்துக்கு 23 x 36 அங்குலத் தாள் எடுப்பார்கள். ஒரு தாளின் இருபுறமும் சேர்ந்து 32 பக்கம், அதாவது இரண்டு பாரம். உங்கள் 160 பக்கம் சரியாகப் பத்து பாரம், ஐந்து தாள். ஆயிரம் பிரதிக்கு 5000 தாள், அதாவது 10 ரீம். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ என்ற வழக்கமான அச்சுத்தாளில் இந்த அளவு ரீம் ஏறத்தாழ 18.7 கிலோ வரும். பத்து ரீமுக்கு 187 கிலோ, வீணாகும் தாள் தனி. பில்லில் இதைவிட மிக அதிகமாக இருந்தால் காரணம் கேளுங்கள். பக்கம் 160-ஐத் தாண்டி 165 ஆனால் அந்த ஐந்து பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட வேண்டிவரும். முன்னுரையைக் கொஞ்சம் வெட்டினால் அது மிச்சம். (நீளமான முன்னுரையை வெட்டுவதால் வாசகர்களும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.)

வரியையும் நினைவில் வையுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதனாலேயே தாளுக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. அது அடக்க விலையில் ஏறிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புத்தகத்துக்கான தாளின் வரி 12 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. பழைய கொட்டேஷனை வைத்து விலை குறிக்காதீர்கள்.

கேள்வி (சிறு பதிப்பாளர், ஈரோடு): குறைந்த பிரதி அடித்த புத்தகங்கள் ஆறு மாதத்தில் தாள் தாளாகக் கழன்று வருகின்றன. டிஜிட்டல் அச்சின் குறையா?

பதில்: அச்சு எதுவாக இருந்தாலும் தாளைப் பிடித்து நிறுத்துவது பசை. குறை பெரும்பாலும் பைண்டிங்கில்தான் இருக்கும். மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, முதுகை அரைப்பது. பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் (தைக்காமல் பசையால் ஒட்டும் முறை) மடிந்த முதுகை மிஷின் சொரசொரப்பாக அரைத்த பிறகுதான் பசை போட வேண்டும். அரைப்பு ஆழம் போதாவிட்டால் பசை தாளின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். கழன்று வந்த ஒரு தாளின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் இதுதான் காரணம்.

இரண்டாவது, பசையின் சூடு. வழக்கமான ஹாட்மெல்ட் (உருக்கிப் பூசும்) பசை சூடு குறைந்தால் நாருக்குள் இறங்காது. சூடு ஏறிப்போனால் கருகி, ஆறியபின் நொறுங்கும். ஐம்பது, நூறு பிரதி அடிக்கும் இடங்களில் பசைத்தொட்டி சரியான சூட்டுக்கு வருமுன்பே வேலையைத் தொடங்கிவிடுவதுண்டு. முதல் சில பிரதிகள் மட்டும் கழன்றால் இதைச் சந்தேகிக்கலாம். ஆர்ட் பேப்பரில் (வழவழப்பான பூச்சுத்தாள்) ஹாட்மெல்ட் சரியாகப் பிடிக்காது. படப் புத்தகம் என்றால் பி.யு.ஆர். (பாலியூரித்தேன்) பசை கேளுங்கள், அல்லது நூல் தையல் போடுங்கள்.

மூன்றாவதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை: தாளின் நார் ஓடும் திசை. நார் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விரிந்து நிற்காது, பக்கம் புரட்டும்போதெல்லாம் முதுகைப் பிடித்து இழுக்கும். மழைக்காலத்தில் பக்கங்கள் அலை அலையாக நெளியும். சோதிப்பது எளிது. தாளில் சதுரமாக ஒரு துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரமாக்குங்கள். அது சுருளும்போது குழாயின் நீளம் எந்தத் திசையோ அதுதான் நாரின் திசை. 23 x 36 தாளில் டெமி அடிக்கும்போது நார் 36 அங்குல வாக்கில் இருக்க வேண்டும். டிஜிட்டல் மிஷினுக்குத் தாளைச் சிறிதாக வெட்டும்போது இது தலைகீழாகிவிடுகிறது. டிஜிட்டல் புத்தகம் விறைப்பாக இருக்கிறது என்ற புகார் அங்கிருந்துதான் வருகிறது.

அட்டை வேலையில் இன்னொன்று. எந்தத் தாள் என்று முடிவாவதற்கு முன் அட்டையை வடிவமைக்காதீர்கள். 160 பக்கம் 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோவில் முதுகு ஏழரை மில்லிமீட்டர் அளவில் வரும். அதே ஜி.எஸ்.எம். பல்க்கி (எடை கூடாமல் தடிமன் கூடிய) தாளில் பத்தைத் தொடும். முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழிவது இந்த இரண்டரை மில்லிமீட்டரால்தான். வெற்றுத்தாளில் ஒரு டம்மி கட்டித் தரச் சொல்லி, அதை அளந்து, வடிவமைப்பாளரிடம் கொடுங்கள்.

கேள்வி (பதிப்பாளர், மதுரை): 2003 வாக்கில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த நூறு புத்தகங்களின் கோப்புகள் இருக்கின்றன. அப்படியே மின்னூலாக்க முடியுமா? இருக்கும் பி.டி.எஃப்.-ஐயே விற்கலாமா?

பதில்: பி.டி.எஃப். என்பது தாளின் படம். டெமி பக்கத்தை ஐந்தங்குலக் கைப்பேசியில் படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். விற்பதானால் திரைக்கேற்ப வரி மடங்கும் இ-பப் வடிவம்தான். குழந்தைகளுக்கான படப் புத்தகம் மட்டும் விதிவிலக்கு.

உங்கள் வேலை அதற்கும் முன்னால் தொடங்குகிறது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்ல. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடு. மாற்றி மென்பொருளில் போட்டால் பெரும்பகுதி சரியாக வரும். வராதது ஒரே மாதிரியான பிழைகளாக வரும். அதனால் அவற்றைத் தேடிப் பிடிப்பது சுலபம். தட்டச்சுப் பழக்கத்தில் ‘ர’வுக்குப் பதிலாகக் கால் குறியை (‘ா’) போட்டிருப்பார்கள். ‘அரிசி’ என்பது ‘அாிசி’ ஆகவும், ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகவும் மாறியிருக்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தேடினால் கிடைக்காது, கணினி வாசித்துக் காட்டினால் குளறும். காலுக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வராது. ஆகவே ‘ாி’, ‘ாீ’, ‘ா்’ என்ற மூன்றையும் தேடி முறையே ‘ரி’, ‘ரீ’, ‘ர்’ என்று ஒரே மூச்சில் மாற்றிவிடலாம். அடுத்தது ஔகாரம். ‘வெள்ளம்’ என்பது ‘வௌ்ளம்’ ஆகியிருக்கும். ‘ௌ’வுக்குப் பின் புள்ளி வரும் இடமெல்லாம் பிழை. ‘ஒளவை’ என்று ளகரம் போட்டுத் தட்டியதையும் ‘ஔவை’ ஆக்க வேண்டும். ஆனால் ‘ஒளவை’ என்று முழுச்சொல்லாகத் தேடுங்கள், ‘ஒள’ என்று தேடி மாற்றினால் ‘ஒளி’யும் கெட்டுப்போகும். ஒரு சொல்லின் நடுவில் தடித்த எழுத்து தொடங்கிய இடங்களிலும் வரி உடைந்த இடங்களிலும் கொம்பு தனியாக நிற்கும். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

இனிப் புதிதாகச் செய்யும் புத்தகங்களை யூனிகோடிலேயே இன்டிசைன் மென்பொருளில் அடியுங்கள். பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சுக்குப் போகும் பி.டி.எஃப்.-இலிருந்து ‘கொண்டு’ என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சரியாக விழுந்தால் உங்கள் கோப்பு இன்னும் பல வருடம் உதவும்.

இ-பப்பில் இருபக்கமும் சமன் செய்யாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். கைப்பேசித் திரையில் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், நடுவில் வயல் வாய்க்கால் போல வெள்ளை ஓடும். இடப்பக்கம் மட்டும் சீராக்கினால் போதும். எழுத்துருவைக் கோப்பில் இணைப்பதானால் உரிமம் பாருங்கள். நோட்டோ தமிழ் எழுத்துருக்களைத் தடையின்றி இணைக்கலாம். வரி: அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூலுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், மின்னூலாக மட்டும் வருவதற்கு 18.

கேள்வி (வாசகர், கும்பகோணம்): தாத்தா காலத்துப் புத்தகங்கள் இரண்டு பீரோ இருக்கின்றன. தொட்டால் ஒடிகின்றன. ஸ்கேன் செய்துகொண்டு எடைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் எது அரிது என்று பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியல், இலங்கை நூல்கள் என்றால் 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையதளம் ஆகியவற்றில் தலைப்பையும் பதிப்பு ஆண்டையும் தேடுங்கள். இல்லாதவற்றைத் தனியே எடுத்து வைத்து, ஒரு பட்டியலோடு இப்படிப்பட்ட நூலகத்துக்கு எழுதுங்கள். முன்பின் அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

தாள் ஒடிவதற்குக் காரணம் அமிலம். மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்த மலிவுத் தாளிலும், படிகாரம் சேர்த்துப் பதப்படுத்திய தாளிலும் காலப்போக்கில் அமிலம் கூடி நாரை அறுத்துவிடும். அதைவிடப் பழைய கந்தல் கூழ்த் தாள் இன்னும் வெள்ளையாக, வளைந்து கொடுக்கும். ஆகவே பழையது எல்லாமே மோசம் என்று நினைக்க வேண்டாம்.

ஸ்கேன் செய்யும்போது புத்தகத்தை 180 டிகிரிக்கு விரித்து அழுத்தாதீர்கள். இருபுறமும் முட்டுக்கொடுத்துப் பாதி திறந்த நிலையில் மேலிருந்து படமெடுப்பதே முதுகுக்கு நல்லது. கைப்பேசியில் எடுப்பதானால் இரண்டு விளக்குகளைப் பக்கத்துக்கு 45 டிகிரி சாய்வில் வையுங்கள். எழுத்துள்ள பக்கத்துக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும், அடிக்குறிப்பு மிகச் சிறிதாக இருந்தால் 400. டெமி பக்கம் ஒன்று 300 டி.பி.ஐ. வண்ணத்தில், சுருக்காத டிஃப் கோப்பாக, ஏறத்தாழ 12 எம்.பி. வரும். 200 பக்கத்துக்கு இரண்டரை ஜி.பி. மூலக்கோப்பு இதுதான், படிப்பதற்குப் பி.டி.எஃப். தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு-வெள்ளை மட்டும் என்ற அமைப்பில் எடுத்தால் மங்கிய புள்ளிகள் காணாமல் போகும். தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.

ஓ.சி.ஆர். (படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக்குவது) செய்ய டெசராக்ட் மென்பொருளில் தமிழ் உண்டு, கட்டணமில்லை. ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய அச்சில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை போன்ற கொம்பும், ணா, றா, னாவுக்குச் சுழித்த வடிவமும் இருக்கும். அவற்றில் அதிகம் தடுமாறும். அந்த ஏழு எழுத்துகளை முதலில் சரிபார்த்தால் திருத்தும் வேலை பெருமளவு முடியும்.

கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகும், பிறகு எடுக்கவே முடியாது. பூச்சி இருந்தால் புத்தகத்தைக் காற்றுப் போகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியோ அதற்கும் கீழோ குளிரும் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அந்துருண்டை பூச்சியை விரட்டுமே தவிர முட்டையை ஒன்றும் செய்யாது. மூடிய அறையில் அதன் நெடி உங்களுக்கும் ஆகாது.

இணையத்தில் ஏற்ற நினைத்தால்: இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை. 1960-இல் இறந்தவரின் நூலுக்கு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. உரையாசிரியர், மொழிபெயர்ப்பாளர் உரிமை தனி. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய ஆசிரியர்களின் நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

கேள்வி (வாசகர், பெங்களூரு): காசு கொடுத்து வாங்கிய மின்னூல்கள் எனக்குச் சொந்தம்தானே? மகளுக்கு விட்டுச் செல்ல முடியுமா?

பதில்: பெரும்பாலான கடைகளில் நீங்கள் வாங்குவது படிக்கும் அனுமதியை மட்டுமே. 2009-இல் அமேசான், உரிமைச் சிக்கல் காரணமாக, விற்ற இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, புத்தகங்கள் போயின. 2025 பிப்ரவரி முதல், கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாக மாற்றும் வசதியும் நின்றுவிட்டது. மீண்டும் படிப்பீர்கள், கைமாற்றிக் கொடுப்பீர்கள் என்று தோன்றும் நூலை அச்சில் வாங்குங்கள், அல்லது பூட்டில்லாத இ-பப் தரும் இடத்தில் வாங்குங்கள். ஒருமுறை படித்து முடிக்கும் நாவலுக்கு மின்னூலே போதும், அலமாரியும் மிச்சம்.

கேள்வி (சிற்றிதழ் ஆசிரியர், கோவில்பட்டி): 400 சந்தாதாரர்கள். தபால் செலவு தாங்கவில்லை. அச்சை நிறுத்திப் பி.டி.எஃப். அனுப்பலாமா?

பதில்: பாதி வழி ஒன்று உண்டு. கட்டுரைகளை இணையத்தில் உடனுக்குடன் போட்டுவிட்டு, அச்சைக் காலாண்டாக்கலாம். ஆனால் பதிவு பெற்ற இதழ் என்றால் கால இடைவெளியை நீங்களாக மாற்றக் கூடாது. 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டத்தின்படி பிரஸ் சேவா தளத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். இதழ்களுக்கான தபால் கட்டணச் சலுகை, இதழின் பதிவு எண்ணையும் குறித்த நாளில் குறித்த அஞ்சலகத்தில் சேர்ப்பதையும் ஒட்டியது; அதை இழந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

காலாண்டிதழ் கனமாகும்போது சென்டர் பின்னை (நடு மடிப்பில் அடிக்கும் பின்) 64 பக்கத்தோடு நிறுத்துங்கள். பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 64 பக்கத்தில் 16 தாள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிவதால் நடுப்பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே தள்ளும். ஓரம் வெட்டும்போது அங்கே பக்க எண்தான் முதல் பலி. அதற்கு மேல் போனால் பெர்ஃபெக்ட் பைண்டிங்.

கேள்வி (வாசகி, சேலம்): பிள்ளைகளுக்குப் பாடம் தாளிலா, டேப்லெட்டிலா?

பதில்: பாடம் தாளில், கதை எதில் வேண்டுமானாலும். 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான தொகுப்பாய்வில், தகவல் சார்ந்த பகுதிகளைத் தாளில் படித்தவர்களே நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நேரம் குறித்துப் படித்தபோது வித்தியாசம் கூடியது. கதைப் பகுதிகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்வீடன் 2023-இல் பள்ளிகளுக்கு அச்சுப் பாடநூல் வாங்கத் தனியாக நிதி ஒதுக்கியது.

கேள்வி (வாசகர், திருச்சி): புத்தகம் அடிக்க மரம் வெட்டுகிறோமே?

பதில்: கரூர் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையைப் பெருமளவில் பயன்படுத்துகிறது, மரக்கூழும் சேர்கிறது, அதற்குச் சவுக்கு, தைலமரம் போன்ற வளர்ப்பு மரங்கள். விற்காமல் எடைக்குப் போகும் 700 பிரதிதான் உண்மையான வீண். முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (தேனி வாசகியின் இரண்டாம் கேள்வி): 100 பிரதி அடிக்கும் புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) தேவையா?

பதில்: வாங்கிவிடுங்கள், இந்தியாவில் கட்டணமில்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அட்டை அச்சுக்குப் போவதற்கு முன்பே எண் கையில் இருக்க வேண்டும். அச்சுப் பதிப்புக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண்.

புத்தகம் வந்ததும் இன்னொரு வேலை பாக்கி. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தம் செலவில் நான்கு பிரதிகளை நான்கு நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். நூறே பிரதி அடித்தாலும் இது பொருந்தும். உங்கள் குடோன் நனைந்தாலும் ஹார்டு டிஸ்க் போனாலும் புத்தகம் நான்கு ஊரில் இருக்கும். கேட்காமல் மறுபதிப்பு செய்யும் ஒருவர் வெளியான ஆண்டைப் பற்றித் தகராறு செய்தால் காட்டுவதற்கும் உதவும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் நூலகம் அனுப்பும் ஒப்புகையையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.